யாருக்காக இந்தக் காவல்?

(தம்பிலுவிலில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாட்டின் பாதுகாப்பைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பீரங்கியையும் போர்க்கப்பலையும் பற்றிப் பேசுவதே வழக்கம். நான் பேச வந்திருப்பது உங்கள் மடியிலும் பையிலும் கிடக்கும் கைத்தொலைபேசியைப் பற்றி. அதனூடாக வரும் செய்தி, அதனூடாகப் போகும் பணம், அரசாங்கத்தின் கணினிகளில் சேர்ந்து கிடக்கும் நம்முடைய பெயர், முகவரி, நோய் விவரம் ஆகிய யாவற்றையும் காப்பதற்கென்று கொழும்பிலே சட்டங்கள் இயற்றப்படுகின்றன, கொள்கைகள் வகுக்கப்படுகின்றன. இணையப் பாதுகாப்பு என்று அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். இது குளிரூட்டிய அறைகளில் அமர்ந்திருக்கும் நிபுணர்களின் விவகாரம், வயலையும் கடலையும் நம்பி வாழும் நமக்கு இதில் என்ன அலுவல் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். இந்த விவகாரத்தின் சூட்டை அம்பாறை மாவட்டம் உணர்ந்ததுபோல் உணர்ந்த மாவட்டங்கள் இலங்கையில் மிகச் சில.

2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆந் திகதி இரவு அம்பாறை நகரில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முஸ்லிம் சகோதரர் ஒருவரின் உணவுச்சாலையில் உண்ண வந்த ஒருவர் கறியிலே ஏதோ ஒரு கட்டியைக் கண்டார், கூச்சலிட்டார், கூட்டம் கூடிற்று. சிங்களவரை மலடாக்கும் மருந்தைக் கறியிலே போட்டாயா என்று சிங்களத்தில் அதட்டினார்கள். கடையில் நின்றவர் தமிழ் பேசுகிறவர். அவருக்குச் சிங்களம் அரைகுறை. கேள்வி சரியாக விளங்காமல், சூழ்ந்து நின்றவர்களைக் கண்டு அஞ்சி, ஆமென்பதுபோல் எதையோ சொல்லிவிட்டார். அந்தச் சொல் கைத்தொலைபேசியிற் பதிவாயிற்று. பதிவு முகநூலில் ஏறிற்று. அதுவே குற்ற ஒப்புதல் என்று நாடெங்கும் காட்டப்பட்டது. அம்பாறையில் முஸ்லிம் மருந்துக்கடைக்காரர் ஒருவரிடமிருந்து 23,000 மலட்டு மாத்திரைகளைப் பொலிசார் கைப்பற்றினர் என்றொரு பச்சைப் பொய்யும் அதே முகநூலில் உலவி வந்தது. எரிவதற்கு விறகு அடுக்கியாயிற்று, தீக்குச்சிதான் வேண்டியிருந்தது.

உணவுச்சாலை நொறுக்கப்பட்டது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அந்தக் கட்டியைப் பின்னர் ஆராய்ந்து பார்த்தார்கள். அது மாக்கட்டி! உணவிலே கலந்து மனிதரை மலடாக்கக்கூடிய மாத்திரை உலகில் எங்கும் இல்லை என்று மருத்துவம் அறிந்தோர் கூறினார்கள். அவர்கள் கூறி முடிப்பதற்குள் திகனையிலும் தெல்தெனியாவிலும் கடைகள் எரிந்துவிட்டன.

மாக்கட்டியொன்று மாவட்டம் கடந்து போய் மாடிவீடுகளைக் கொளுத்தியதே, அதற்குக் காரணம் கைத்தொலைபேசிதானா? அப்படியென்று அரசாங்கம் சொல்கிறது. நம்மிடையே இருக்கும் முதியவர்களைக் கேளுங்கள்.

1956ஆம் ஆண்டு ஜூன் மாதம் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய நாட்களில், இதே அம்பாறையில், கல்லோயாக் குடியேற்றத்தில், தமிழர் வேட்டையாடப்பட்டனர். மட்டக்களப்பிலே சிங்களப் பெண்ணொருத்தியைத் தமிழர் மானபங்கப்படுத்தித் தெருவிலே நடத்தினர் என்ற கதை அன்று பரப்பப்பட்டது. அப்படியொரு பெண்ணும் இல்லை. அப்படியொரு சம்பவமும் இல்லை. 1958இல் பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியையொருவர் மட்டக்களப்பில் கொடூரமாகக் கொல்லப்பட்டார் என்றார்கள். அப்படியோர் ஆசிரியை அங்கே பணியாற்றவேயில்லை. அன்று முகநூல் இருந்ததா? கைத்தொலைபேசி இருந்ததா? வாய்க்கு வாய் போன செய்தி லொறியேறி ஊருக்கு ஊர் போயிற்று. அந்த ஆண்டு மே 26ஆந் திகதி பிரதமர் பண்டாரநாயக்கா வானொலியிலே பேசினார். கலவரம் தொடங்கிச் சில நாட்கள் கடந்துவிட்ட பிறகு பேசியவர், மட்டக்களப்புப் பகுதியில் நிகழ்ந்த கொலையொன்றை எடுத்துரைத்து, அதிலிருந்துதான் எல்லாம் மூண்டது என்று கேட்போர் எண்ணும்படி பேசினார். வதந்தியைத் தடுக்க வேண்டிய வானொலியே வதந்திக்கு வாகனமாயிற்று!

ஆகவே, பொய்யைப் புதிதாக எந்தக் கருவியும் கண்டுபிடித்துவிடவில்லை. பொய் போகும் வேகந்தான் கூடியிருக்கிறது. அந்த வேகத்துக்கு ஈடாக உண்மையை அனுப்பவும், தாக்கப்படுகிறவனின் வாசலிலே உடனே காவலை நிறுத்தவும் ஆயத்தமாயிருப்பதே பாதுகாப்பு. 2018இல் அரசாங்கம் என்ன செய்தது? மார்ச் 6ஆந் திகதி அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. 7ஆந் திகதி முகநூலையும் வாட்சப்பையும் அடைத்தது. கடைகள் எரிந்ததோ 4ஆந் திகதியும் 5ஆந் திகதியும்! வீடு எரிந்து தணலானபின் கிணற்றைப் பூட்டிய கதை இது. 15ஆந் திகதி முகநூல் திறக்கப்பட்டது. முகநூல் கம்பனியும் பிழையற்றதன்று. வெறுப்பை விதைக்கும் சிங்களப் பதிவுகளைப் பற்றி முறையிட்டவர்களுக்கு, இவை எமது விதிகளுக்கு முரணானவையல்ல என்ற பதில் கிடைத்தது. சிங்களம் வாசிக்கத் தெரிந்தோர் போதிய அளவில் அங்கே இல்லை. 2020 மே மாதத்தில் அக்கம்பனி மன்னிப்புக் கோரிற்று. இலங்கை அரசாங்கம் எவரிடமும் மன்னிப்புக் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

எச்சரிக்கை இருந்தது, ஏற்பாரில்லை

அடுத்த ஆண்டு நடந்ததைச் சொல்ல நாக்கூசுகிறது. 2019 ஏப்ரில் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்திலே பாலர்கள் உட்பட எத்தனை உயிர்கள் போயின! ஐந்தாம் நாள் சாய்ந்தமருதிலே என்ன நடந்தது என்பதை அந்த வெடியோசையைக் கேட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உடனே சமூக வலைத்தளங்கள் அடைக்கப்பட்டன. ஆனால் தாக்குதல் வரப்போகிறது என்று இந்தியப் புலனாய்வுத்துறை ஏப்ரில் 4ஆந் திகதியே அறிவித்திருந்தது. அதற்கு முன்பே, தீவிரவாதம் பேசியவனின் தமிழ்ப் பிரசங்கங்கள் இணையத்தில் எல்லோரும் காணக் கிடந்தன. அவனைப் பற்றி முஸ்லிம் பெரியோர்கள் அதிகாரிகளிடம் முறையிட்டுமிருந்தார்கள். கொழும்பிலே தகவல் இல்லாமல் இல்லை. தகவலைக் கையிலெடுத்துக் காரியமாற்றுவதற்கு ஆள் இல்லை. 2023 ஜனவரி 12ஆந் திகதி உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனா 10 கோடி ரூபாவைத் தம் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடாகக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்நாட்டின் பாதுகாப்புக் கொள்கையின் குறைபாடு எங்கே என்று அறிய விரும்புகிறவர்கள் அந்தத் தீர்ப்பை வாசிக்கட்டும். எச்சரிக்கையைக் கோப்புக்குள் வைத்துவிட்டு மக்களின் தொலைபேசியை அடைத்தவர்கள், காவலனின் கண்ணைக் கட்டிவிட்டு வீட்டுக்காரனின் வாயைக் கட்டியவர்கள் ஆகின்றனர்.

2022 ஏப்ரில் 3ஆந் திகதி மறுபடியும் அடைத்தார்கள். அன்று மதக் கலவரமும் இல்லை, குண்டுவெடிப்பும் இல்லை. அரிசியும் எரிவாயுவும் மின்சாரமும் கேட்டு மக்கள் தெருவுக்கு வந்தார்கள், அவ்வளவுதான். பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்படி இது செய்யப்பட்டது என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கூறிற்று. ஒரு நாள் முடிவதற்குள் தடையை நீக்க நேர்ந்தது. மாற்றுவழியில் இணையத்துக்குள் நுழைய மக்களுக்குத் தெரியும், ஆகையால் இத்தகைய தடைகளால் பயனில்லை என்று அன்று அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்சவே சொன்னார். குடும்பத்துக்குள்ளேயே எடுபடாத கொள்கை!

சட்டம் யார்மேற் பாய்கிறது?

நம்மிடம் சட்டங்கள் இல்லையென்று ஒருவரும் சொல்ல முடியாது. 2007இல் கணினிக் குற்றங்கள் சட்டம் வந்தது. 2015இல் இணையக் குற்றங்களைப் பற்றிய புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது. தென்னாசியாவிலே முதலிற் சேர்ந்த நாடு நாமே. இது நல்ல காரியம். வேற்று நாட்டிலிருக்கும் கம்பனியிடமிருந்து குற்றச் சான்றுகளைப் பெற வழி செய்யும் உடன்படிக்கை அது. ஆனால் சட்டப் புத்தகத்தின் தடிப்பைக் கண்டு மகிழ்வதற்கு முன், அந்தப் புத்தகம் யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டாமா?

கண்டி மாவட்டத்தைச் சேர்ந்த ரம்சி ராசீக் என்பவர் சிங்களத்தில் எழுதுகிறவர். 2020 ஏப்ரிலில், கொரோனாவினால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்ட அந்தக் கொடிய நாட்களில், பேனாவையும் விசைப்பலகையையும் கொண்டு கருத்துப் போர் புரிய வேண்டும் என்று முகநூலில் எழுதினார். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. பாதுகாப்புக் கோரிப் பொலிசாரிடம் முறையிட்டார். மிரட்டியவர்களை விட்டுவிட்டு முறையிட்டவரையே கைது செய்தார்கள்! ஐந்து மாதத்துக்கு மேல் சிறையிலிருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று 2023இல் உயர் நீதிமன்றம் கூறி இழப்பீடு வழங்கப் பணித்தது. அவர்மேல் ஏவப்பட்டவற்றுள் ஒன்று, குடியியல் அரசியல் உரிமைகளைக் காப்பதற்கென்று 2007இல் இயற்றப்பட்ட சட்டம். உரிமையைக் காக்க வந்த சட்டமே விலங்காயிற்று.

மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜசீமின் கதை அதனினும் துயரமானது. நவரசம் என்ற தமிழ்க் கவிதைத் தொகுதிக்காக 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிடித்தார்கள். வன்முறையைக் கண்டித்து எழுதப்பட்ட கவிதைகளை வன்முறைக் கவிதைகள் என்று தமிழறியாத அரசாங்கம் எண்ணிக்கொண்டது. பிணை கிடைக்க 2021 டிசம்பர் வரை காத்திருந்தார். 2023 டிசம்பரில் விடுதலையானார். அச்சிட்ட புத்தகத்துக்கே இந்தக் கதியென்றால், நாளுக்கு நாள் இணையத்தில் நாம் எழுதும் தமிழை யார் வாசிப்பது, எந்த அகராதியை வைத்துக்கொண்டு வாசிப்பது?

இந்த அனுபவங்களுக்குப் பின்னர்தான் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. எது பொய்யான கூற்று, எது அகற்றப்பட வேண்டியது என்று பணிக்கும் அதிகாரம் ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு. அவர்களை நியமிப்பவர் ஜனாதிபதி; அரசியலமைப்புச் சபை அங்கீகரிக்க வேண்டும். மசோதாவின் முப்பதுக்கு மேற்பட்ட வாசகங்களைத் திருத்தாவிட்டால் சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேற்ற முடியாது என்று உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. ஜனவரி 24ஆந் திகதி 108 வாக்குகளுக்கு எதிராக 62 வாக்குகளால் எதிர்க்கட்சிகள் தோற்றன. நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் யாவும் சேர்க்கப்படாமலே சபாநாயகர் கையொப்பமிட்டார் என்று சொல்லி அவர்மேல் நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தார்கள். மார்ச் மாதத்தில் அதுவும் 117க்கு 75 என்று தோற்றது. அதே ஆண்டில் ஆட்சி மாறிற்று. சட்டத்தைத் திருத்துவோம் என்றார்கள் புதியவர்கள். திருத்தட்டும். பெண்களின் படங்களைத் திருடிப் பரப்பும் கயவர்களைத் தண்டிக்கச் சட்டம் வேண்டாமென்று இங்கே எவரும் சொல்லவில்லை. உண்மை எது, பொய் எது என்று தீர்மானிக்கும் வேலையை ஆட்சியின் நிழலில் நிற்கும் ஒரு குழுவுக்குக் கொடுக்காதீர்கள் என்பதே நம் வாதம்.

செய்தியைக் கண்டு அஞ்சுவது இந்நாட்டு ஆட்சியாளரின் பழைய நோய். 1961 ஏப்ரில் 14ஆந் திகதி தந்தை செல்வநாயகம் யாழ்ப்பாணத்திலே தமிழரசுத் தபால் சேவையைத் தொடங்கினார். முத்திரையை ஒட்டியதற்கு அவசரகாலச் சட்டம் வந்தது. தலைவர்கள் பனாகொடை முகாமில் அடைக்கப்பட்டனர். அன்று அஞ்சியது முத்திரைக்கு.

தன் வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது

நம் வாய்க்குப் பூட்டுத் தேடும் அரசாங்கம் தன் வீட்டுக் கதவைப் பூட்டியிருக்கிறதா? 2023 ஓகஸ்ட் 26ஆந் திகதி அரசாங்கத்தின் மேகக் கணினிக்குள் கப்பம் கேட்கும் திருடர்கள் புகுந்தார்கள். ஏறக்குறைய 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. மே 17ஆந் திகதி முதல் ஓகஸ்ட் 26ஆந் திகதி வரையிலான கடிதங்கள் போயே போயின. ஏன்? அந்த மூன்று மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குத் தனியே வைக்கப்பட்ட பிரதி இல்லை. ஓடிக்கொண்டிருந்த மென்பொருளோ காலாவதியாகிவிட்ட 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. நம் ஊர்ச் சில்லறைக் கடைக்காரர் கடன் கொப்பியை இரண்டாக எழுதி ஒன்றை வீட்டிலே வைத்திருக்கிறாரே, அந்த முன்யோசனை அமைச்சரவைக்கு இல்லை.

பதின்மூன்று இலட்சம் மக்களே வாழும் எஸ்தோனியாவைப் பாருங்கள். 2007இல் அந்நாட்டின் வங்கிகளும் பத்திரிகைகளும் அரசாங்கத் தளங்களும் இணையத் தாக்குதலால் முடங்கின. அவர்கள் மக்களின் வாயை அடைக்கவில்லை. அரசாங்கப் பதிவேடுகளின் பிரதிகளை நாட்டுக்கு வெளியே, லக்சம்பேர்க்கில், தங்கள் தூதரகத்துக்குரிய பாதுகாப்போடு வைத்தார்கள். நாளைக்கு நாடே பறிபோனாலும் காணி உறுதி பறிபோகாது. காணிக் கச்சேரிகளிற் கோப்புகள் காணாமற்போன துயரத்தை நம் மக்களைவிட அறிந்தவர் யார்?

இந்த நிலையில்தான் நம் கைவிரல் ரேகையையும் கருவிழியையும் முகத்தையும் பதிந்து, இந்தியாவின் நிதியுதவியோடு டிஜிட்டல் அடையாள அட்டை தரும் திட்டத்தை வகுத்திருக்கிறார்கள். கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியுமா? தனிப்பட்ட தரவுகளைக் காக்கும் சட்டம் 2022இலேயே இயற்றப்பட்டது. அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்தன, ஒத்திவைத்தார்கள். நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ நிறைவேறிய ஒன்பதாம் நாளே, பெப்ரவரி 1ஆந் திகதி, கையொப்பம் பெற்றுச் சட்டமாயிற்று. மக்களை அடக்கும் சட்டத்துக்குக் குதிரை வேகம். மக்களைக் காக்கும் சட்டத்துக்கு மாட்டுவண்டி வேகம்.

தமிழிலே முறையிட வழியுண்டா?

இந்தக் கரையோரத்தில் கட்டாருக்கும் சவூதிக்கும் பிள்ளைகளை அனுப்பாத வீடு குறைவு. அங்கிருந்து வரும் பணம் வங்கிக்கு வந்த மறுநாள் தொலைபேசி ஒலிக்கிறது. வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் நல்ல தமிழிலே பேசுகிறான். கணக்கு முடங்கப்போகிறது, உங்கள் தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள் என்கிறான். தாய் சொல்கிறாள், பணம் போய்விடுகிறது. திருடனுக்குத் தமிழ் தெரிகிறது. திருட்டுக் கொடுத்தவள் முறையிடப் போகுமிடத்தில் தமிழ் தெரிகிறதா? வாய்மொழியாகத் தமிழிற் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, வாசிக்கத் தெரியாத கடதாசியிற் கையொப்பமிடச் சொல்லும் வழக்கத்தை அனுபவித்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். வடக்கு கிழக்கு மாகாணங்களின் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்லுகிறது. இணையத்திலே .இலங்கை என்று தமிழெழுத்தில் முகவரி வைத்துக்கொள்ளும் உரிமையும் 2010இலேயே வந்துவிட்டது. முகவரி தமிழில் இருக்கிறது; வீட்டுக்குள்ளே தமிழ் பேசுவாரைக் காணோம்.

மொழி அறிந்தவன் ஒருவன் விழித்திருந்தால் எவ்வளவு காக்கப்படும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணத்தைக் கணினித் திருடர்கள் கொள்ளையிட்டார்கள். 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குப் போயிற்று. 2 கோடி டொலர் இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் கணக்குக்கு அனுப்பப்பட்டது. அனுப்பியவன் அமைப்பின் பெயரில் பவுண்டேஷன் என்ற ஆங்கிலச் சொல்லைப் பிழையாக எழுதிவிட்டான். இடையிலிருந்த ஜெர்மன் வங்கியிலே ஒருவர் அந்த எழுத்துப் பிழையைக் கண்டார். இது என்ன என்று கேட்டார். 2 கோடி டொலரும் திரும்பிற்று. இயந்திரம் பிடிக்காததை எழுத்தறிந்த ஒரு குமாஸ்தா பிடித்தார்!

நம் கோரிக்கையும் அந்தக் குமாஸ்தாவைப் போன்றவர்களைப் பற்றியதுதான். 2006இல் அமைக்கப்பட்ட கணினி அவசரத் தயார்நிலைக் குழு கொழும்பிலே இருக்கிறது. அதன் கிளையொன்று கல்முனையிலே வேண்டும். தமிழிலே எழுதவும் வாசிக்கவும் தெரிந்தவர்கள் அங்கே பணியாற்ற வேண்டும். இங்குள்ள பொலிஸ் நிலையங்களில் இணைய மோசடி முறைப்பாடுகளைத் தமிழிலேயே பதிய வேண்டும். வதந்தியொன்று கிளம்பினால், அந்த நாழிகையிலேயே மறுப்பைச் சிங்களத்திலும் தமிழிலும் வெளியிடும் பொறுப்பை மாவட்டச் செயலாளர் ஏற்க வேண்டும். 2018இல் அம்பாறை மாக்கட்டிக்கு அந்த இரவே விடை கிடைத்திருந்தால் திகனையில் எத்தனை கூரைகள் தப்பியிருக்கும்! நீதிமன்றக் கட்டளையின்றி இணையத்தை அடைக்கும் அதிகாரம் எந்த அமைச்சுக்கும் இருத்தலாகாது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்து, அதன் பாதுகாப்பு நம் கையிற் கிடைக்கும்வரை நம் விரல் ரேகையைக் கேட்டு எவரும் வரவேண்டாம்.

தம்பிலுவில் தமிழர் வேறு, அக்கரைப்பற்று முஸ்லிம்கள் வேறு என்று இந்த விடயத்திலும் பிரித்துப் பேசச் சிலர் வருவார்கள். நம்மிடையே மனக்கசப்புகள் இருந்ததுண்டு; காணியிலும் எல்லையிலும் இன்றும் உண்டு; அவற்றை இந்த மேடையில் மூடி மறைக்க நான் விரும்பவில்லை. ஆயினும் அந்த உணவுச்சாலையிலே கேள்வி விளங்காமல் நின்ற மனிதரின் இடத்தில் ஆலையடிவேம்புக் கந்தையாவும் நின்றிருக்கக்கூடும், நிந்தவூர் இஸ்மாயிலும் நின்றிருக்கக்கூடும். தமிழ் பேசும் மக்கள் என்று ஒரே சொல்லால் நம்மை அன்று அழைத்தவர்கள் காரணத்தோடுதான் அழைத்தார்கள்.

நான் கூறிய கோரிக்கைகளை ஒரு மனுவாக எழுதியிருக்கிறோம். டிஜிட்டல் பொருளாதார அமைச்சுக்கும் நம் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் அது அனுப்பப்படும். மேடைக்கு இடப்பக்கத்து மேசையில் வைத்திருக்கிறது; கூட்டம் கலைவதற்கு முன் கையொப்பமிட்டுச் செல்லுங்கள். வாசித்துப் பார்த்தே கையொப்பமிடுங்கள். மனு தமிழில் மட்டுமே இருக்கிறது. மொழிபெயர்ப்பு எதையும் நாம் இணைக்கப்போவதில்லை. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பிலே எழுதி வைத்தவர்கள் அதை வாசிக்க ஓர் ஆளையும் வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.